கிரிஸ்டல் வயலட் கொண்டு கிராம் சாயமேற்றுவது எப்படி

புட்டிக்குள் இருக்கும் கிரிஸ்டல் வயலட் தூளைப் பார்த்தால் ஊதா நிறம் நினைவுக்கே வராது. கரும்பச்சையில் வெண்கல மினுமினுப்பு கலந்த சிறு மணிகளாகத்தான் அது கிடக்கும். ஈரமேசையில் ஒரு மணி விழுந்துவிட்டால் போதும், அடுத்த நொடியே அதிலிருந்து ஊதா நிறம் இழையிழையாகக் கிளம்பும். பிறகு எத்தனை முறை துடைத்தாலும் அந்த இடத்தில் கறை நிற்கும். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1883-இல் ஆல்ஃபிரெட் கெர்ன் துணிகளுக்கான சாயமாக இதை உருவாக்கினார். அடுத்த ஆண்டே பெர்லினில் டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாக்களைத் தெளிவாகப் பார்க்க வழி தேடியபோது, இதன் நெருங்கிய உறவான ஜென்ஷியன் வயலட்டைப் பயன்படுத்தித் தம் முறையை வெளியிட்டார். இன்றும் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் சீழோ சளியோ வந்தால் பெரும்பாலும் முதலில் செய்வது, பாக்டீரியாக்களை ஊதா, இளஞ்சிவப்பு என இரு வகையாகப் பிரித்துக் காட்டும் இந்தச் சாயமேற்றலைத்தான் என்பதால், இதைக் கைப்பழக்கமாக மட்டும் வைத்திராமல் காரணம் அறிந்து செய்வது நல்லது.

முதலில் சாயக் கரைசலைத் தயாரித்துக்கொள்ளுங்கள். 2 கிராம் கிரிஸ்டல் வயலட்டை 20 மி.லி. 95 சதவீத எத்தனாலில் கரையுங்கள். தனியாக 0.8 கிராம் அம்மோனியம் ஆக்சலேட்டை 80 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, இரண்டையும் கலந்து ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, பின்பு வடிதாளில் வடிகட்டிப் புட்டியில் அடையுங்கள். வடிகட்டுவதைத் தவிர்க்கவே கூடாது. கரையாமல் தங்கிய சாயத்துகள்கள் நுண்ணோக்கியின் கீழ் கருத்த உருண்டைகளாகத் தெரிந்து, கோளவடிவ பாக்டீரியாக்களைப் போலவே கண்ணை ஏமாற்றும். நாள்பட்ட புட்டியின் கழுத்தில் படிகம் கட்டியிருந்தால் மீண்டும் ஒருமுறை வடிகட்டிவிடுங்கள். சாயத்துக்கு அடுத்து ஊற்றும் ‘கிராம் அயோடின்’ கரைசலுக்கு 2 கிராம் பொட்டாசியம் அயோடைடையும் 1 கிராம் அயோடினையும் முதலில் சிறிதளவு நீரில் கரைத்து, பிறகு 300 மி.லி. வரை நீர் சேர்க்க வேண்டும். பொட்டாசியம் அயோடைடு இல்லாமல் அயோடின் நீரில் சரியாகக் கரையாது.

இந்த வேலைகளைக் கையுறை அணிந்தே செய்யுங்கள். இதே சாயத்தின் நீர்த்த கரைசலை ஜென்ஷியன் வயலட் என்ற பெயரில் வாய்ப்பூஞ்சைக்கும் தோல் புண்ணுக்கும் தடவிய நினைவு நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இருக்கும். ஊதா வாயுடன் அழும் குழந்தையை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆய்வகப் புட்டியில் இருப்பது மருந்துத் தரத்தில் தயாரித்தது அன்று. அதை யார் புண்ணிலும் தடவக் கூடாது. 2019-இல் கனடாவின் சுகாதாரத் துறை, ஜென்ஷியன் வயலட் கலந்த பொருள்களால் புற்றுநோய் ஆபத்து நேரலாம் என எச்சரித்தது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அடுத்தது ஸ்மியர், அதாவது ஸ்லைடில் பரப்பும் மெல்லிய பாக்டீரியாப் படலம். சுத்தமான, எண்ணெய்ப் பிசுக்கற்ற ஸ்லைடில் ஒரு சிறு துளி நீர் விட்டு, லூப் எனும் கம்பி வளையத்தின் நுனியில், வளர்ப்பில் திரண்ட பாக்டீரியாக் கூட்டமான காலனியைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு தொட்டு எடுத்து, அந்நீரில் மெல்லியதாகப் பரப்புங்கள். காய்ந்த ஸ்மியரின் வழியே செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடிந்தால் கனம் சரி. காற்றில் முழுமையாக உலர்ந்த பிறகே சுடரின் மேல் இரண்டு மூன்று முறை காட்ட வேண்டும். ஸ்லைடின் அடிப்புறத்தைப் புறங்கையில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது. சூடு மிகுந்தால் செல்சுவர் சிதைந்து, முடிவே தவறாகிவிடும்.

ஸ்மியர் முழுவதும் மூழ்கும்படி கிரிஸ்டல் வயலட்டை ஊற்றி ஒரு நிமிடம் விட்டுவிட்டு, ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, ஸ்மியரின் மேல் நேராக விழாதபடி மேல்விளிம்பிலிருந்து மெல்லிய நீரில் கழுவுங்கள். நேர்மின்னேற்றம் கொண்ட இச்சாயம் எல்லா பாக்டீரியாக்களுக்குள்ளும் புகுந்துவிடும் என்பதால், இந்த நிலையில் அனைத்துமே ஊதாதான். பிறகு அயோடினை ஊற்றி மேலும் ஒரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அயோடின் இங்கே நிறமூன்றி. அது சாயத்தோடு சேர்ந்து, செல்லுக்குள் எளிதில் வெளியேற முடியாத பெரிய கூட்டுப்பொருளை உண்டாக்குகிறது.

இனி வரும் நிறநீக்கம்தான் இந்த முறையின் உயிர்நிலை. பெப்டிடோகிளைக்கான் எனும் வலைபோன்ற பொருளாலான தடித்த சுவர் கொண்ட செல்களில் ஆல்கஹால் பட்டதும் சுவர் நீரிழந்து இறுகி, ஊதாவை உள்ளேயே சிறைப்பிடித்துவிடும். மெல்லிய சுவர் கொண்டவற்றிலோ வெளிப்படலத்தின் கொழுப்பு கரைந்து சாயம் வழிந்தோடிவிடும். இந்த வேறுபாடு சில நொடிகளுக்கே நிலைக்கும். அதற்கு மேல் ஆல்கஹால் ஓடினால் முதல் வகையும் தன் ஊதாவை இழந்துவிடும். எனவே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், ஸ்லைடின் கீழ்விளிம்பைப் பாருங்கள். 95 சதவீத எத்தனாலைத் துளித்துளியாக விடும்போது முதலில் அடர் ஊதாவாக வடியும், பிறகு வெளிறும், வடியும் துளி நிறமற்றதாக மாறிய அந்தக் கணமே நீரை ஊற்றி நிறுத்திவிட வேண்டும். பயிற்சிக் காலத்தில் நான் ஒரு சீழ் ஸ்லைடில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஆல்கஹாலை விட்டுக்கொண்டே போனேன். ஊதாவாக நிற்க வேண்டிய, திராட்சைக் கொத்தாக இருந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் அனைத்தும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. அறிக்கை போவதற்கு முன் மூத்தவர் ஒருவர் அந்த வடிவத்தைக் கண்டு சந்தேகப்பட்டு, என்னை மறுபடி செய்ய வைத்தார். அசிட்டோன் கலந்த ஆல்கஹால் இதைவிட வேகமானது என்பதால், புதிதாகப் பழகுபவர்கள் தனி எத்தனாலிலேயே தொடங்குவது நல்லது.

பிறகு, ஊதாவை இழந்த செல்களுக்கு இளஞ்சிவப்பு ஏற்றும் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தை 30 நொடி முதல் ஒரு நிமிடம் வரை விட்டுக் கழுவி, வடிதாளால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். இம்மர்ஷன் எண்ணெய் ஒரு துளி விட்டு 100 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஊதாவாகத் தெரிபவை கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பாகத் தெரிபவை கிராம் நெகட்டிவ்.

பார்த்ததை உடனே எழுதிவிடாமல், அதே ஸ்லைடின் ஓரங்களில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸையும் ஈ. கோலையையும் கன்ட்ரோலாக, அதாவது முடிவு முன்பே தெரிந்த ஒப்பீடாக (முன்னது ஊதா, பின்னது இளஞ்சிவப்பு) வைத்திருந்தீர்கள் என்றால் முதலில் அவற்றைப் படியுங்கள். ஈ. கோலை ஊதாவாக இருந்தால் நிறநீக்கம் போதவில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் இளஞ்சிவப்பாக இருந்தால் அளவு மீறிவிட்டது. இரண்டும் சரியாக இருந்தும் சோதனை ஸ்மியரில் ஒரே வகைச் செல்கள் சில ஊதாவாகவும் சில சிவப்பாகவும் கலந்து தெரிந்தால், காலனியின் வயதைக் கேளுங்கள். 24 மணி நேரத்தைத் தாண்டிய வளர்ப்பில், குறிப்பாக பேசில்லஸ் இனத்தில், சுவர் நலிந்து ஊதாவைப் பிடித்துவைக்க முடியாமல் போகும். அப்போது புதிதாக வளர்த்த காலனியிலிருந்து இன்னொரு ஸ்மியர் போட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள்.