கமிஷன் கைநழுவாம இருக்க நான் பண்ணது

சொந்தமா புரோக்கரேஜ் ஆரம்பிச்ச புதுசுல பெரிய தலைவலி, வீட்ட நான் கூட்டிட்டுப் போய் காட்டுவேன், வாங்குறவரும் ஓனரும் பின்னாடி நம்பர் மாத்திக்கிட்டு நேரா முடிச்சிருவாங்க, கேட்டா "உங்களுக்கு முன்னாடியே எங்களுக்குப் பழக்கம்"னு பதில் வரும். இப்போ ஓனர்கிட்ட அக்ரிமென்ட் போடாம எந்த வீட்டையும் எடுக்குறதில்ல. கமிஷன் எத்தன சதவீதம், யார் தரணும், எப்போ தரணும்னு எல்லாம் அதுல இருக்கும், முக்கியமா அக்ரிமென்ட் காலம் முடிஞ்சப்புறமும் 6 மாசத்துக்குள்ள நான் காட்டின ஆள் வாங்கினா கமிஷன் உண்டுன்னு ஒரு வரி. பார்க்க வர்றவர்கிட்ட வாசல்லயே ஒரு ஸ்லிப், தேதி, நேரம், முகவரி, கையெழுத்து. கையெழுத்துன்னதும் இழுக்குறவங்க முக்கால்வாசி சும்மா சுத்திப் பார்க்க வந்தவங்கதான்! இப்படிப் பண்ணதுல அந்த "முன்னாடியே பழக்கம்" தகராறு நின்னுச்சு. அப்புறம் வாங்குறவர் உங்ககிட்ட தர்ற அட்வான்ஸ் பணத்துக்குத் தனி பேங்க் அக்கவுன்ட் வெச்சிருங்க, ஆபீஸ் செலவோட கலக்காதீங்க, பல நாடுகள்ல அது சட்டமே.