முகமூடிக்குப் பின்னால் இருப்பவரைப் படம் எடுக்க

முகமூடிப் படம் கெடுவது பெரும்பாலும் கண்ணில்தான். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் கண் துளைகள் இரண்டும் கறுப்புக் குழிகளாகிவிடும். அதனால் விளக்கொளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸைக் கண் மட்டத்துக்கு இறக்கி, கேமராவை ஒட்டி வையுங்கள். மார்புக்குக் கீழே வெள்ளைத் தெர்மோகோல் பலகை ஒன்றைச் சாய்த்துப் பிடித்தால் விழியில் ஒளிப்புள்ளி கிடைக்கும். துளைக்குள் தெரியும் தோலில் கண் மை பூசிவிடுங்கள். பூசாவிட்டால் முகமூடி தனி, ஆள் தனி என்று தெரியும்.

அடுத்த சிக்கல் ஃபோகஸ். முகமூடியின் விளிம்பு விழிக்கு ஓரிரு செ.மீ. முன்னால் நிற்கும். ஃபுல்ஃப்ரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 85 மி.மீ. லென்ஸ், 1.5 மீட்டர் தூரம், எஃப்/1.8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான், அதிலும் பாதி கண்ணுக்குப் பின்னால் போய்விடும். கண் தேடும் ஆட்டோஃபோகஸ் இங்கே அடிக்கடி ஏமாறும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியை விழிமேல் வைத்து எஃப்/5.6க்குப் போங்கள், ஆழம் 10 செ.மீ. ஆகும்.

வெள்ளை முகமூடி படச் சட்டத்தை நிறைத்தால் கேமராவின் ஒளிமானி அதைச் சாம்பலாக்கும். 1 ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது ஒளியை இரட்டிப்பாக்குங்கள். பிளாஸ்டிக் பளபளப்பை லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் அடக்கும். உலோகத்தில் அது பலிக்காது, விளக்கைத்தான் நகர்த்த வேண்டும்.

'சிரியுங்கள்' என்று சொல்லிப் பயனில்லை, தலைச் சாய்வைச் சொல்லுங்கள். ஜப்பானின் நோ நாடகத்தில் ஒரே மர முகமூடி, சற்று நிமிர்ந்தால் மலர்ந்தும் குனிந்தால் வாடியும் தெரிவது இப்படித்தான். மோவாயைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கச் சொல்லி ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுங்கள். கைகளையும் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். மீதி உணர்ச்சி அங்கேதான் இருக்கிறது. உள்ளே வியர்க்கும், மூச்சு முட்டும் என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கழற்றச் சொல்லுங்கள்.

அழகுக்காக அல்லாமல், ஆபத்துக்கு அஞ்சி ஒருவரை மறைக்கிறீர்கள் என்றால் கணக்கே வேறு. முகத்தை மூடிய பிறகும் காது, பச்சை குத்திய குறி, தழும்பு, மோதிரம் எல்லாம் காட்டிக்கொடுக்கும். நிழலுருவமாக எடுப்பதானால் பின்னணி, ஆளைவிட 3 ஸ்டாப்பாவது பிரகாசமாக இருக்கட்டும். பக்கவாட்டு முகம் வேண்டாம், மூக்கின் கோடே அடையாளம். கேமராவின் மூலக் கோப்பான ரா கோப்பில் இருட்டைத் தூக்கினால் முகம் திரும்ப வந்துவிடும். ஆகவே கறுப்பை முழுக் கறுப்பாக்கிய ஜேபெக் (JPEG) படத்தை மட்டும் வெளியே கொடுங்கள். மங்கலாக்குவதையும் மொசைக்கையும் நம்பாதீர்கள், கெட்டியான கறுப்புக் கட்டம் போடுங்கள். இருப்பிடத் தகவலோடு கோப்புக்குள் ஒளிந்திருக்கும் சிறுபடத்தையும் நீக்குங்கள். சில சமயம் அதில் பழைய முகம் அப்படியே இருக்கும்.