ஆற்று நீரும் கடல்நீரும் தரும் மின்சாரம்: கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்று நீருக்கும் கடல்நீருக்கும் உள்ள உப்பு வித்தியாசத்திலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் தங்கள் எக்செல் கோப்புகளை எனக்கு அனுப்புவதுண்டு. நான் ஆரம்பத்தில் செய்த அதே பிழைகள் அப்படியே இருக்கும். கெல்வினுக்கு மாற்ற மறப்பது, சோடியம் குளோரைடு இரண்டு அயனியாகப் பிரிவதை விட்டுவிடுவது எல்லாம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். அவற்றை விடுகிறேன்.

தாங்கு அடுக்கை மறப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஆற்று நீரையும் கடல்நீரையும் உப்பைத் தடுக்கும் சவ்வால் பிரித்தால், ஆற்று நீர் கடல்நீர்ப் பக்கம் ஊடுருவும்; அழுத்தத்தில் இருக்கும் அந்தப் பக்க நீர்தான் டர்பைனைச் சுழற்றும். நீரை இப்படி இழுக்கும் ஊடுபரவல் அழுத்தம் சுமார் 27 பார். அதில் பாதியை, அதாவது 13.5 பாரை, கடல்நீர்ப் பக்கம் எதிரழுத்தமாக வைத்தால் மின்திறன் உச்சம் தொடும். ஒரு பாருக்குச் சதுர மீட்டரில் மணிக்கு 1 லிட்டர் நீர் விடும் சவ்வு என்றால் சதுர மீட்டருக்கு 5 வாட். பலரும் இங்கேயே கோப்பை மூடிவிடுகிறார்கள்.

சவ்வில் உப்பைத் தடுக்கும் மெல்லிய தோலுக்குப் பின்னால், ஆற்று நீர்ப் பக்கம், பஞ்சு போல ஒரு தாங்கு அடுக்கு இருக்கிறது. தோல் வழியே கசியும் உப்பும் ஆற்று நீர் கொண்டுவரும் உப்பும் அதற்குள் தேங்குகின்றன. உள்ளே வரும் நீரோட்டமே அவற்றை வெளியேற விடாது. வெளியே பம்பை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பலனில்லை. அடுக்கின் கட்டமைப்பு அளவு (உப்பு வெளியேறக் கடக்க வேண்டிய பயனுறு தூரம்) 1 மி.மீ., கசிவுக் கெழு (தோல் வழியே உப்பு கசியும் வேகம்) சதுர மீட்டருக்கு மணிக்கு 0.4 லிட்டர் என்று வைத்துப் பாருங்கள்: 5 வாட் சுமார் 3 ஆகிவிடும். 2 மி.மீ. என்றால் 2-க்கும் கீழே.

ஒரு மாணவர் குழு 5 வாட்டை நம்பிச் சவ்வு வாங்கியது. ஓட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. சவ்வுதான் மோசம் என்று முடிவுகட்டி, இரு மடங்கு நீர் விடும் விலையுயர்ந்த சவ்வை அப்புறம் வாங்கினார்கள், 10 வாட் கிடைக்கும் என்று. அதே 1 மி.மீ. அடுக்கில் கணக்குப்படியே 4 வாட்டுக்குச் சற்று மேல்தான் வரும். ஓட்டம் கூடக் கூட, தேங்கும் உப்பு அதைவிட வேகமாக ஏறுகிறது. வாங்கும் முன் இந்தத் தேக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று இப்போதும் ஆதங்கமாக இருக்கிறது.

நார்வேயின் டோஃப்டேயில் ஸ்டாட்கிராஃப்ட் நிறுவனம் 2009-இல் முன்னோடி நிலையம் திறந்தது. சதுர மீட்டருக்கு 5 வாட் என்பதே வணிக இலக்கு. அதை எட்டாமலே 2013-இல் திட்டத்தைக் கைவிட்டது. அந்த 5 எவ்வளவு கடினமான எண் என்பது இதிலேயே தெரியும்.

முழு நீளத்துக்கும் ஒரே செறிவு

வேண்டாம். நீர் சவ்வின் நீளத்தில் ஓட ஓட உப்புச் செறிவு மாறும். துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடுங்கள்.

பம்ப் செலவைக் கடைசியில் பார்ப்பது

13.5 பாரில் ஒரு கன மீட்டர் ஆற்று நீர் தருவது அதிகபட்சம் 0.375 யூனிட். அதற்கு இரண்டு கன மீட்டர் கடல்நீர் அனுப்பினால், அதை அழுத்தவே 0.75 யூனிட் போகிறது. வெளியேறும் நீரின் அழுத்தத்தை உள்ளே வரும் கடல்நீருக்கு மாற்றும் அழுத்தப் பரிமாற்றி பெரும்பகுதியைத் திருப்பித் தரும், சரி. ஆனால் 10% இழந்தாலே கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு காலி. வடிகட்டும் செலவு தனி.

எதிர் மின்னூடுபகுப்பு முறையில் வெறும் உப்புக் கரைசல்

இந்த முறையில் நீருக்குப் பதில் அயனிகளே சவ்வுகளைக் கடந்து நேரடியாக மின்னழுத்தம் தரும். நெதர்லாந்தின் ஆஃப்ஸ்லாய்ட்டைக் அணையில் 2014-இல் திறந்த நிலையம் போன்றவற்றுக்கு மாதிரி அமைப்பவர்கள் சோடியம் குளோரைடு மட்டும் போடுகிறார்கள். உண்மையான நீரில் மெக்னீசியமும் சல்பேட்டும் உண்டு. மின்னழுத்தம் குறையும்.