ஒரே காயிலுக்கு இரண்டு அளவு

நானே சுற்றிய காயிலை (கம்பிச் சுருளை) 100 பிகோஃபாரட் கபாசிட்டருடன் இணைத்து, இரண்டும் சேர்ந்து இயல்பாக அதிரும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணிலிருந்து காயிலின் இண்டக்டன்ஸைக் (மின்தூண்டல் அளவை) கணக்கிட்டேன்: 120 மைக்ரோஹென்றி. 400 பிகோஃபாரட் போட்டால் 105. சுற்றுகளை மறுபடி எண்ணினேன், காயிலில் குறையில்லை. சுற்றுகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் கபாசிட்டன்ஸை (மின்னூட்டம் தேக்கும் திறனை) நான் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, அதை நேராக அளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு அளவையும் அதற்குரிய கபாசிட்டரால் பெருக்கினேன்: 12,000, 42,000. இந்தப் பெருக்கல் ஒவ்வொன்றும், உண்மையான இண்டக்டன்ஸை மொத்த கபாசிட்டன்ஸால் (போட்டதும் ஒளிந்திருப்பதும்) பெருக்கியதற்குச் சமம்; ஒளிந்திருப்பது இரண்டிலும் ஒன்றே என்பதால் கழித்தால் போய்விடும். வித்தியாசம் 30,000. அதைக் கபாசிட்டர்களின் வித்தியாசமான 300-ஆல் வகுத்தால் 100 மைக்ரோஹென்றி. அதுதான் உண்மையான அளவு. 12,000-ஐ இந்த 100-ஆல் வகுத்தால் மொத்தம் 120 பிகோஃபாரட்; அதில் நான் போட்டது 100. ஆக ஒளிந்திருந்தது 20 பிகோஃபாரட். இவ்வளவு எளிதில் பிரிந்து வந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

அப்புறம், சிக்னலைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் புரோபை (அளக்கும் முனையை) நேராகக் காயிலில் மாட்டாதீர்கள். அதன் கபாசிட்டன்ஸும் இந்த 20-க்குள் ஏறிக்கொள்ளும். நான் பக்கத்தில் இரண்டு சுற்று வளையம் வைத்துத்தான் சிக்னல் எடுத்தேன். கபாசிட்டர்களையும் அச்சிட்ட மதிப்பை நம்பாமல் அளந்தே போட்டேன்.