மூன்று பாட்டில்களில் சென்னை மண்: 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான அறிவியல் வீட்டுப்பாடம், படிப்படியாக

மண்ணைப் பற்றிய பாடம் நடுநிலைப் பள்ளியில் ஏதேனும் ஒரு வகுப்பில் வந்தே தீரும். மணல், வண்டல், களி ஆகியவற்றின் பண்புகளை அட்டவணையாக எழுதி மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் சென்னையில் வளரும் பிள்ளை அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். கடற்கரை மணலும், பழைய ஏரிப் பகுதிகளின் களியும், குன்றுகளை ஒட்டிய செம்மண்ணும் ஒரே மாநகரப் பேருந்தில் போய்வரும் தொலைவில் கிடைக்கின்ற ஊர் இது. மூன்றையும் கையால் தொட்டுப் பார்த்தவருக்கு அட்டவணை தானாக நினைவில் நிற்கும்.

இந்தச் செய்முறையில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதற்பகுதி புவி அறிவியலைச் சேர்ந்தது. மண்ணில் என்ன கலந்திருக்கிறது, அதனுள் நீர் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று அளப்பது. இரண்டாம் பகுதி உயிர் அறிவியலைச் சேர்ந்தது. அதே மண்ணில் பயறு முளைத்து வளர்வதைக் கவனிப்பது. முழுவதையும் முடிக்க ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில் தொடங்கினால் இதைச் செய்ய இயலாது.

படி 1: முதலில் நோட்டு, பிறகு மண்

மண்ணைத் தொடுவதற்கு முன்பே ஒரு நோட்டில் தேதியிட்டு, உங்கள் ஊகத்தை எழுதிவிடுங்கள். "கடற்கரை மணலில் நீர் மிக விரைவாக இறங்கும், களிமண்ணில் மிக மெதுவாக இறங்கும்" என்பது போல ஒரே ஒரு வாக்கியம் போதும். இதற்குக் கருதுகோள் என்று பெயர். அது பின்னர் தவறாகப் போனால் அடித்துத் திருத்த வேண்டாம். ரெக்கார்ட் நோட்டில் அழகாகப் படியெடுப்பது கடைசி வேலை. அன்றாடக் குறிப்புகள் இந்த நோட்டில் கிறுக்கலாக இருந்தாலும் குறையில்லை.

படி 2: மண் எடுத்தல்

மணலுக்குத் திருவான்மியூர் அல்லது பெசன்ட் நகர்க் கடற்கரைக்குச் செல்லலாம். களிமண் மேற்கு மாம்பலம், தியாகராய நகர், அண்ணா நகர், பெரம்பூர் ஆகிய பகுதிகளில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டும் இடங்களில் கிடைக்கும். பெரியவர் ஒருவருடன் சென்று, அங்குள்ள மேஸ்திரியிடம் கேட்டு, வெளியே குவித்திருக்கும் மண்ணிலிருந்து மட்டும் எடுங்கள், குழிக்குள் இறங்க வேண்டாம். செம்மண்ணைப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் உள்ள உறவினர் வீட்டுத் தோட்டத்திலிருந்து எடுக்கலாம். இல்லையென்றால் செடி விற்கும் நர்சரியில் வாங்கிக்கொள்ளலாம். கிண்டி தேசியப் பூங்காவும், ஈர நிலங்களைக் காப்பதற்கான ராம்சர் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் பாதுகாக்கப்பட்ட இடங்கள் என்பதால் அங்கிருந்து ஒரு பிடி மண்ணும் எடுக்கக் கூடாது.

தரையிலிருந்து எடுப்பதானால், மேலே கிடக்கும் தழையையும் குப்பையையும் விலக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் 2 கிலோ போதுமானது. மொட்டை மாடியில் செய்தித்தாள் விரித்து இரண்டு நாட்கள் காயவைத்து, கட்டிகளை உடைத்து, பழைய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டரை விடப் பெரிய கற்களை மண்ணின் கணக்கில் சேர்ப்பதில்லை.

செம்மண்ணைக் காயவைக்கும்போது அதன் நிறத்தைச் சற்று நேரம் கவனியுங்கள். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணப்படும் கருமையான கடினப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜாப் சார்னோக் என்பவருக்குக் கொல்கத்தாவில் உள்ள கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதால், புவியியலாளர் ஹாலண்ட் 1893-இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். இப்பாறையின் கனிமங்களில் இரும்பு இருக்கிறது. பாறை சிதைந்து மண்ணாகும்போது அந்த இரும்பு காற்றோடும் நீரோடும் வினைபுரிந்து துருவைப் போன்ற ஆக்சைடாக மாறுகிறது. மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவது இந்த இரும்பு ஆக்சைடுதான். "செம்மண் ஏன் சிவப்பாக இருக்கிறது?" என்ற கேள்விக்கு வேறு விடை தேட வேண்டாம்.

படி 3: பாட்டிலில் படிய விடுதல்

பக்கங்கள் நேராக உள்ள, ஒளி ஊடுருவும் 1 லிட்டர் பாட்டில்கள் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு உயரத்திற்கு ஒருவகை மண்ணை இடுங்கள். கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி சலவைத்தூளைச் சேருங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் களித்துகள்களை அது பிரித்துவிடும். மூடியை இறுக மூடி ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, யாருடைய கையும் படாத ஓர் இடத்தில் வைத்த அந்த நொடியிலிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள்.

1 நிமிடம் ஆனதும் அடியில் படிந்திருக்கும் அடுக்கின் மேல்விளிம்பைப் பாட்டிலின் வெளிப்புறத்தில் மார்க்கரால் குறியுங்கள், அது மணல். 2 மணி நேரத்தில் இரண்டாவது கோடு. அந்த இடைவெளியில் படிந்தது வண்டல். மறுநாளோ அதற்கும் அடுத்த நாளோ நீர் தெளிந்த பிறகு மூன்றாவது கோடு; அது களி. மேலே மிதக்கும் கரிய துணுக்குகள் மட்கிய இலைதழைகள், அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நேர வேறுபாடு ஏன் என்பதே இந்தச் சோதனையின் உயிர்நாடி. நுண்ணிய துகள் நீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. அதாவது, ஒரு துகள் பத்து மடங்கு சிறியதாக இருந்தால் அது நூறு மடங்கு மெதுவாக இறங்கும். ஒரு மில்லிமீட்டரை 500 பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கை விடச் சிறியது களித்துகள். அது கீழே வந்து சேர வேண்டுமானால் நீர் நீண்ட நேரம் அசையாமல் இருந்தாக வேண்டும். இன்றைய தியாகராய நகர் இருக்கும் இடத்தில் முன்பு ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920-களில் அதை வடித்துவிட்டுத்தான் அந்தக் குடியிருப்பை அமைத்தார்கள். ஓயாமல் அலையடிக்கும் கடற்கரையில் மணலும், அசைவற்ற ஏரியின் அடியில் களியும் தங்குவதற்கான காரணத்தை உங்கள் பாட்டில் இரண்டே நாட்களில் காட்டிவிடுகிறது.

கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். மணல் 4.2 செ.மீ., வண்டல் 1.5 செ.மீ., களி 2.3 செ.மீ. என்றால் மொத்தம் 8 செ.மீ. ஆகும். மணலின் பங்கு 4.2-ஐ 8-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 52.5 விழுக்காடு, அதே முறையில் வண்டல் 18.75, களி 28.75 விழுக்காடு. மூன்றையும் கூட்டினால் 100 வருகிறதா என்று கட்டாயம் சரிபாருங்கள்.

இரண்டு நாள் கழிந்தும் களிமண் பாட்டில் கலங்கலாகவே இருந்தால் பதற்றம் வேண்டாம். "48 மணி நேரத்திற்குப் பிறகும் நீர் தெளியவில்லை" என்று எழுதுவதே சரியான பதிவு. ஆர்வமுள்ளவர்கள், சலவைத்தூள் சேர்க்காத களிநீரை இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் சிறிதளவு படிகாரத்தைக் கரைத்துப் பார்க்கலாம். எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும் களித்துகள்கள், படிகாரம் சேர்ந்ததும் திரண்டு கனமாகி விரைவில் அடியில் இறங்கும். கலங்கிய குடிநீரைத் தெளியவைக்கத் தேற்றான்கொட்டையை உரைத்துப் போடும் பழைய வழக்கத்தை உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அதிலும் துகள்கள் திரண்டுதான் அடங்குகின்றன.

படி 4: நீர் இறங்கும் வேகம்

மூன்று பிளாஸ்டிக் பாட்டில்களின் அடிப்பகுதியைப் பெரியவர் ஒருவரைக் கொண்டு வெட்டிவிட்டு, மூடியில் துளையிட்டு, உட்புறம் மெல்லிய துணியை வைத்து, தலைகீழாக ஒரு பாத்திரத்தின் மேல் நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே உயரத்திற்கு மண்ணை நிரப்புங்கள்; கையால் அழுத்த வேண்டாம். சிறிது நீர் விட்டு மண்ணை நனைத்துவிட்டு, பிறகு 200 மி.லி. நீரை மெல்ல ஊற்றி, மேலே தேங்கிய நீர் முழுவதும் உள்ளே இறங்க ஆகும் நேரத்தை அளந்துகொள்ளுங்கள். நீரின் அளவை நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும்: 200 மி.லி. இறங்க 25 நிமிடம் ஆனால், வேகம் நிமிடத்திற்கு 8 மி.லி. களிமண்ணில் ஒரு மணி நேரமாகியும் நீர் நின்றுகொண்டே இருக்கலாம். அப்போது சோதனையைக் கைவிடாமல், 60 நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது என்று அளந்து அதை 60-ஆல் வகுத்து எழுதுங்கள்.

படி 5: பயறு விதைத்தல்

அடியில் துளையுள்ள ஒரே அளவிலான மூன்று கோப்பைகளில் மூன்று மண்களையும் நிரப்பி, ஓர் இரவு ஊறவைத்த பச்சைப்பயறு பத்துப் பத்தாக ஒரே ஆழத்தில் விதைத்து, ஒரே சன்னலோரத்தில் வைத்து, நாள்தோறும் ஒரே அளவு நீர் விடுங்கள். மண் ஒன்றுதான் மாற வேண்டும். மற்ற எல்லாம் மாறாமல் இருந்தால்தான் வளர்ச்சியில் தெரியும் வேறுபாடு மண்ணால் வந்தது என்று சொல்ல முடியும்.

கடற்கரை மணலை மட்டும் நல்ல நீரில் மூன்று முறை அலசிவிட்டு இடுங்கள். அலசாத மணலில் நான்காவதாக ஒரு கோப்பை வைத்தால் இன்னும் சிறப்பு. உப்பு மிகுந்திருந்தால் சவ்வூடுபரவல் (மெல்லிய சவ்வைக் கடந்து நீர் உப்பு மிகுந்த பக்கம் செல்வது) வழியாக விதைக்குள் நீர் புகுவது தடைப்படும் என்பதை அந்தக் கோப்பையில் காண வாய்ப்புண்டு.

இங்கேதான் பிள்ளைகள் பெரிதும் குழம்புகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பாடம் கேட்க வந்த ஒரு சிறுமி, ஐந்தாம் நாளில் மணலில் ஒன்பது, செம்மண்ணில் ஏழு, களியில் நான்கு முளைத்ததாக எழுதியிருந்தாள். மறுநாள் பார்த்தால் எண்களை ரப்பரால் அழித்துவிட்டு, செம்மண்ணுக்கு ஒன்பதையும் மணலுக்கு நான்கையும் மாற்றி எழுதியிருந்தாள். மணலில் சத்து கிடையாது என்று புத்தகத்தில் இருக்கிறதே என்றாள். எனக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தந்தது, ஏனென்றால் அவள் முதலில் எழுதியதே சரி. முளைக்கும் விதைக்குத் தேவையானவை நீர், காற்று, தகுந்த வெப்பம் மட்டுமே. உணவு அதன் இரண்டு வித்திலைகளிலேயே, அதாவது பயற்றின் இரண்டு பருப்புப் பாதிகளிலேயே, சேமித்துவைக்கப்பட்டிருக்கிறது. காற்றோட்டமுள்ள மணலில் முளைப்பது எளிது. நீர் தேங்கும் களியில் விதை மூச்சுவிடத் திணறி அழுகிவிடவும் கூடும். பயறு முளைக்கும்போது வித்திலைகள் மண்ணுக்கு மேலே எழுந்து வருவதையும், நாளடைவில் சுருங்கி உதிர்வதையும் நீங்களே காணலாம். அவை உதிர்ந்த பிறகே செடி மண்ணின் சத்தை நம்பி வாழத் தொடங்குகிறது. ஆகையால் முதல் வாரத்தில் முளைத்தவற்றின் எண்ணிக்கையையும், மூன்றாம் வாரத்தின் முடிவில் செடியின் உயரத்தையும் இலைகளின் நிறத்தையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

படி 6: முடிவு எழுதுதல்

கண்டதை ஒரு பத்தியிலும், அதிலிருந்து நீங்கள் ஊகிப்பதை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். "களியில் நிமிடத்திற்கு அரை மி.லி. நீர் இறங்கியது" என்பது கண்டது. "அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் மேற்கு மாம்பலத்தில் நீர் தேங்குவதற்கு மண்ணும் ஒரு காரணமாக இருக்கலாம்" என்பது ஊகம். அந்த "ஒரு காரணம்" என்ற சொல் முக்கியமானது, ஏனெனில் உங்கள் பாட்டிலில் தார்ச்சாலையும் இல்லை, அடைபட்ட வடிகாலும் இல்லை. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டில் அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள மண் உங்கள் மூன்று பாட்டில்களில் எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து ஒரு வரி சேர்த்தால் வீட்டுப்பாடம் உங்கள் வீட்டின் பாடமாகவே ஆகிவிடும். பெற்றோர் அருகில் இருந்து நேரம் பார்க்க உதவலாம்; ஆனால் எண்களை எழுதும் பேனா பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் களிநீரைச் சமையலறைத் தொட்டியிலோ குளியலறையிலோ கொட்டாதீர்கள். குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய மண்ணைக் காயவைத்து உதறி எடுத்துவிடுங்கள். செம்மண்ணில் வளர்ந்த செடிகளைப் பிடுங்க வேண்டாம்; வேரோடு சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றி வெயில்படும் இடத்தில் வைத்தால், சில வாரங்களில் மஞ்சள் பூவும் அதன் பின் காயும் வைக்கும்.