சதுரங்கப் புத்தகத்தைக் கையை வைத்துப் படியுங்கள்

யாங்கோனில் பான்சோடான் தெரு நடைபாதைக் கடைகளில் பழைய புத்தகங்களைக் கிளறினால் சில சமயம் சதுரங்கப் பாடநூலும் கையில் அகப்படும். கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஆனால் அதைக் கதைப் புத்தகம் மாதிரி படுத்துக்கொண்டு படித்தால் ஒன்றும் ஒட்டாது. நான் இரண்டு புத்தகங்களை அப்படித்தான் வீணாக்கினேன்.

பலகையை விரித்துப் படத்தில் உள்ளபடி காய்களை அடுக்குங்கள். அடுத்த வரிகளை ஒரு அட்டையால் மூடிவிட்டு, உங்கள் நகர்வை நோட்டில் எழுதிய பிறகுதான் அட்டையை இறக்க வேண்டும். தவறினால் ஏன் தவறியது என்று ஒரு வரி.

தொடக்க ஆட்டத்தை மனப்பாடம் செய்ய ஓடாதீர்கள், ஆட்டத்தின் முடிவுக் கட்டத்தைச் சொல்லும் கடைசி அத்தியாயத்திலிருந்து ஆரம்பியுங்கள். இதை அடுக்கிப் பாருங்கள் (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் கிடைவரிசை): வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ4, கருப்பு ராஜா இ7. இப்போது கருப்பு நகர்த்த வேண்டியிருந்தால் வெள்ளைக்கு வெற்றி, வெள்ளை நகர்த்த வேண்டியிருந்தால் சமன். காய் ஒன்றுகூட இடம் மாறவில்லை, முறை மட்டும்தான் மாறியது! இரண்டு பக்கமும் நீங்களே ஆடி, ஏன் என்று கண்டுபிடியுங்கள். ஒரு மாலை முழுக்கப் போனாலும் சரி.

அப்புறம், பர்மியச் சதுரங்கமான சிட்டுயின் ஆடும் பெரியவர் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். அதில் சிப்பாய்கள் மட்டும் முதலில் நிற்கும், மற்ற காய்களை எங்கே வைப்பது என்று ஆடுபவரே முடிவு செய்கிறார். திட்டம் போடுவது முதல் காயிலேயே தொடங்கிவிடுகிறது.