பூட்டிக் கிடந்த காருக்குள் பெட்ரோல் வாடையா? இப்படித் தேடுங்கள்

செட்டிநாட்டில் பல வீடுகள் வருடத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஷெட்டில் ஒரு பழைய காரும் நிற்கும். போன தை மாதம் கல்யாணத்துக்காகத் தேவகோட்டை வீட்டைத் திறந்தபோது, எங்கள் காருக்குள் குப்பென்று பெட்ரோல் வாடை. "உள்ளே கொஞ்சம் சாம்பிராணி போடேன்" என்றார்கள் அப்பத்தா. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி கலந்திருந்தாலே ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும்.

முதலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் வெளியே தள்ளுங்கள். கதவு, டிக்கி எல்லாவற்றையும் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, காரின் தரை விரிப்பின் மேலேயே தேங்கி நிற்கும். தொண்டிப் பக்கம் படகு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். படகின் அடியில் இறங்கிய ஆவிக்கு வெளியே போக வழியே கிடையாது. காற்றோட்டம் வந்த பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் மோப்பம். சில நிமிடங்களில் மூக்குக்கு வாடை பழகிவிடும், "போய்விட்டது" என்று தோன்றும். அதனால் அவ்வப்போது திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். குனிந்து, தரையோடு மோந்து பாருங்கள்: முன் சீட்டின் கால் வைக்கும் இடம், பின் சீட்டு, டிக்கி.

எந்த இடத்தில் அதிகம் என்பதைவிட, எப்போது வருகிறது என்பதுதான் எனக்குப் பெரிய துப்பாக இருந்தது. டேங்கை நிரப்பிய பிறகு மட்டும் வந்தால், பெட்ரோல் ஊற்றும் குழாயை டேங்கோடு சேர்க்கும் ரப்பர், காற்றுப்போக்குக் குழாய், அல்லது டேங்கின் மேல் பொருத்தியிருக்கும், பெட்ரோல் அளவு காட்டும் மிதவையின் வாஷர். எஞ்சின் ஓடும்போது வந்தால் பானெட்டுக்குள் இருக்கும் ஹோஸ், பம்ப், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர். வண்டியை நிறுத்திய சூட்டில் மட்டும் வந்தால், பெரும்பாலும் கார்புரேட்டரில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகிறது. டேங்கில் சொட்டு இல்லாதபோதும் வந்தால், எப்போதோ கேனிலிருந்து சிந்தியது விரிப்பில் ஊறியிருக்கிறது.

எங்களுக்கு டேங்க் நிரம்பினால்தான் வந்தது. இரவு வண்டிக்கு அடியில் பழைய வேட்டித் துணியை விரித்து வைத்தேன், காலையில் பின்பக்கம் ஒரு திட்டு. அதற்கு நேர் மேலே, ஊற்றும் குழாயின் ரப்பர் விரலால் மடக்கியதுமே வெடிப்பு வெடிப்பாகப் பிரிந்தது. நம் ஊர் வெயிலில் சும்மா நின்றாலே ரப்பர் காய்ந்துபோகும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு, பழைய ரப்பருக்கு அது ஆகாது. கடையில் எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள். சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றுவது வேண்டவே வேண்டாம், பெட்ரோலில் ஊறி உப்பிவிடும்.

இரண்டு வேலைகளை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் (கார்புரேட்டர் இல்லாத புது வண்டி) ஹோஸைக் கழற்றுவது, அதில் அழுத்தம் இருக்கும், முகத்தில் பீய்ச்சும். இன்னொன்று டேங்கில் வெல்டிங் வைப்பது. காலி டேங்கில் ஆவி நிறைந்திருப்பதால் அதுதான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து.

கசிவு நின்ற பிறகுதான் வாடையைப் போக்கும் வேலை. விரிப்பை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, பிறகு சோப்புத்தூள் போட்டு அலசுங்கள். ஆத்தங்குடிக் கல் மேல் போடாதீர்கள், கறை இறங்கிவிடும். காரின் தகரத் தரையையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி ஒரு இரவு விட்டுக் கூட்டி எடுங்கள். ஒரு தட்டில் அடுப்புக்கரியும் வைக்கலாம், மெதுவாகத்தான் இழுக்கும்.

இவ்வளவு செய்தும் எங்கள் காரில் லேசாக வாடை இருந்தது. விரிப்புக்கு அடியில் இருந்த பஞ்சுமெத்தைதான் காரணம். அதை அலசியும் பயனில்லை, தூக்கிப் போட்டுப் புதிது வாங்கினோம். டேங்கை நிரப்பி, கண்ணாடியை ஏற்றி ஒரு இரவு பூட்டி வைத்தேன். காலையில் அப்பத்தாவைத்தான் முதலில் கதவைத் திறக்கச் சொன்னேன். குனிந்து மோந்துவிட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "குன்றக்குடிக்கு விடு" என்றார்கள்.